கற்பிப்போரும் உடன்படிக்கையும்: தோட்டப் பள்ளி முதல் கணினித் திரை வரை

நன்னூலின் பொதுப்பாயிரம் தமிழாசிரியர் அனைவரும் அறிந்த பகுதி. ஆசிரியன் எத்தகையனாதல் வேண்டும், எவ்வாறு உரைத்தல் வேண்டும், மாணாக்கன் எவ்வாறு கேட்டல் வேண்டும் என்பனவற்றையெல்லாம் பவணந்தியார் வகுத்துக் கூறுகிறார். ஆசிரியனுக்குரிய ஊதியம் யாது என்பதற்கு அங்கே நூற்பா இல்லை. பாடம் கேட்டற்கு உரியார் இன்னின்னார் எனக் கூறுமிடத்தில், மிகுந்த பொருள் கொடுப்பவனையும் ஒருவனாகச் சேர்த்ததோடு அவர் அமைந்துவிடுகிறார். எவ்வளவு கொடுப்பது, எதற்காகக் கொடுப்பது, எத்துணைக் காலத்துக்குக் கொடுப்பது என்பன ஊர் வழக்குக்கு விடப்பட்டன. திண்ணைப் பள்ளி ஆசிரியர் நெல்லும் காசும் பெற்றுக் கற்பித்தார். ஊரார் கண்முன்னே நடந்த கொடுக்கல் வாங்கலாதலின், அதற்கு ஓலை எழுதிக் கையொப்பமிட வேண்டிய தேவை பெரிதாக எழவில்லை.

கடல் கடந்து மலாயாவுக்கு வந்த தமிழரிடையே இவ்வழக்கு நிலைபெற இயலாது போயிற்று. அங்குப் பள்ளிக்கு உரியவர் ஊரார் அல்லர், தோட்டத் துரையே. இம்மாறுதலின் தொடக்கத்தை மலாக்காவிலேயே காணலாம். 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வாணிக நோக்குடன் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவேயாகும். பின்னர்ப் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் எழுந்தது. பால்மரம் பரவப் பரவ, அதனைச் சீவுதற்குத் தமிழ்நாட்டிலிருந்து குடும்பங்கள் வந்தன. லயங்கள் எழுந்தன, லயங்களில் பிள்ளைகள் பெருகினர். 1923இல் திருத்தி அமைக்கப்பட்ட தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் தங்கியுள்ள தோட்டத்தில் பள்ளி இருத்தல் வேண்டும் என விதித்தது.

சட்டம் பள்ளியைக் கேட்டது. அப்பள்ளியில் நின்று கற்பிப்பவர் யார், அவருக்கு என்ன நிபந்தனைகள் என்பன துரையின் கைக்குள் அடங்கியிருந்தன. ஆகவே பல தோட்டங்களில் எழுத்தறிந்த தொழிலாளியோ, கங்காணியோ, கிராணியோ பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் வேலையையும் சேர்த்துச் சுமந்தார். தோட்டத்து வேலையும் பள்ளியும் ஒரே ஆளின் தலைமேல் விழுந்தன. சம்பளம் தோட்டக் கணக்கிலேயே எழுதப்பட்டது. வேலை போனால் தோட்டம் கொடுத்த வீடும் போகும். அரசாங்கம் அளித்த உதவிப் பணமோ, பிள்ளைகளின் வருகையையும் தேர்ச்சியையும் அளந்து தலைக்கணக்காகக் கொடுக்கப்பட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும், தாய் தகப்பன் வேறு தோட்டத்துக்குப் பெயர்ந்தாலும் பள்ளியின் வரவு குறையும். 1936ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்து இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து, 1937இல் அறிக்கை வெளியிட்ட வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரும் தோட்டப் பள்ளிகளைக் குறித்து எழுதலாயினார்.

தோட்டத் துரை விலைக்கு வாங்கியது அம்மனிதரின் நாள் முழுவதையுமே எனலாம். ஆயினும் ஒன்றை மட்டும் அவர் வாங்கவில்லை, வாங்கவும் இயலாது. ஆசிரியர் வாயால் சொன்ன பாடம் பிள்ளைகளின் காதில் விழுந்தது. மறுநாள் அதே பாடம் வேண்டுமானால் ஆசிரியர் மறுநாளும் வந்து நின்றாக வேண்டும். பாடத்தை ஆசிரியரிடமிருந்து பிரித்து எடுத்து வைத்துக்கொள்ளும் கருவி எதுவும் அந்நாளில் தோட்டத்தில் இல்லை.

1956இல் வெளிவந்த ரசாக் அறிக்கையும், அதனையொட்டி எழுந்த 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தமிழ்ப் பள்ளிகளைத் தேசியக் கல்வி அமைப்புக்குள் கொண்டுவந்தன. உதவி பெறும் பள்ளி ஆசிரியருக்கு அரசாங்கப் பணத்திலிருந்து சம்பளம் கிடைத்தது. எனினும், அவரை வேலைக்கு அமர்த்தியவர் பள்ளி வாரியத்தாரே. சம்பளம் ஓரிடத்தில், எசமானர் வேறோரிடத்தில் என்ற இந்நிலை நெடுநாள் நீடித்தது. 1967இல் தேசிய ஆசிரியர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. அதன்பின் அரச ஆணைக்குழு அமைக்கப்பட்டுப் பணி நிபந்தனைகள் ஆராயப்பட்டன. 1970களில்தான் உதவி பெறும் பள்ளி ஆசிரியர் அரசாங்க ஊழியராகும் வழி திறந்தது. விடுமுறை, ஓய்வூதியம், இடமாற்றம் ஆகிய அனைத்தும் எழுத்தில் வந்தன. தோட்டத்து லயத்திலிருந்து இந்நிலையை எட்டுதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது என்பது நினைக்கத்தக்கது.

இனி, பாடம் யாருக்கு உரியது என்னும் வினாவுக்கு வருவோம். இவ்வினா இங்கிலாந்தில் முன்னரே எழுந்ததொன்று. இலண்டனில் ஜான் அபர்னதி என்னும் அறுவை மருத்துவர் ஆற்றிய விரிவுரைகளை ‘லான்செட்’ என்னும் ஏடு அவர் இசைவின்றி அச்சிட்டது. அவர் வழக்குத் தொடர்ந்தார். 1825இல் எல்டன் பிரபு அதற்குத் தடை விதித்தார். கேட்ட மாணவன் தன் பயனுக்காகக் குறிப்பெடுத்துக்கொள்ளலாம், அதனை விற்றுப் பொருளீட்ட அவனுக்கு உரிமை இல்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். 1887இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்டு கெயர்டு தொடுத்த வழக்கிலும், வகுப்பில் உரைப்பது உலகுக்கு வெளியிடுவது ஆகாது எனப் பிரபுக்கள் சபை தீர்த்தது.

இவ்விரண்டும் ஆசிரியருக்கும் வெளியாருக்கும் நடந்த வழக்குகள். ஆசிரியருக்கும் அவரை அமர்த்திய நிறுவனத்துக்கும் இடையே எழுந்த வழக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டத் தொகுதிகளில் இடம்பெற்றது. ஒரு நிறுவனத்தில் பணிபுரிந்த கணக்காய்வாளர் எழுதிய நூலொன்றைப் பற்றியது அது. நிறுவனம் ஒப்படைத்த பணியின்போது எழுதிய பகுதி நிறுவனத்துக்கு உரியது, அவர் ஆற்றிய விரிவுரைகளிலிருந்து வந்த பகுதி அவருக்கே உரியது என மேல்முறையீட்டு நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. ஒருவரைப் பேசுதற்கு அமர்த்திய காரணத்தாலேயே அவர் எழுதிவைத்ததும் அமர்த்தியவரைச் சேர்ந்துவிடாது என்பது அங்கே கொள்ளப்பட்ட கருத்து. பேச்சும் எழுத்தும் இருவேறு பொருள்களாக நின்றதனால் அப்பிரிவினை இயன்றது.

இந்த ஆங்கில வழக்குகள் மலாக்காவுக்கு அயலானவை அல்ல. நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்றாக இருந்தமையால், 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டமே மலாக்காவிலும் வழங்கியது. மலேசியா தன் சட்டத்தை 1969இல் இயற்றி, 1987இல் அதனைப் புதுக்கியது. எழுதப்பட்டாலோ பதிவு செய்யப்பட்டாலோ அன்றி ஓர் இலக்கிய ஆக்கத்துக்குப் பதிப்புரிமை தோன்றாது என்பது அதன் அடிப்படைகளுள் ஒன்று. அச்சட்டத்தின் 26ஆம் பிரிவு மேலும் கூறுவது யாதெனின், வேலையின் பொருட்டு ஆக்கிய ஆக்கத்தின் உரிமை முதலாளியைச் சேரும். வேலைக்காரர் அல்லாத ஒருவரிடம் சொல்லி ஆக்குவித்தாலும், உரிமை ஆக்குவித்தவரையே சேரும். இரண்டாவதாகக் கூறியது கூர்ந்து நோக்கத்தக்கது. மாதச் சம்பளக்காரரும் இழக்கிறார். மணிக்கணக்கில் கூலி பெறும் பகுதிநேர ஆசிரியரும் இழக்கிறார். இதற்கு மாறாக இருவரும் உடன்பாடு செய்துகொண்டால் அவ்வுடன்பாடே செல்லும் என்பதொன்றே விடப்பட்ட வழி.

தொலைவிலிருந்து கற்பிப்போரைச் சட்டம் அறியாது என்றும் கூற இயலாது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஆசிரியர் என்ற சொல்லுக்கு இலக்கணம் கூறுமிடத்தில், கல்வி நிலையத்தில் மாணவருக்குக் கற்பிப்பவரோடு தொலைக்கல்வி நிலையத்துக்காகப் பாடம் ஆயத்தம் செய்பவரையும், பாடம் அனுப்புபவரையும், விடைத்தாள் திருத்துபவரையும் ஆசிரியர் என்றே கொள்கிறது. வகுப்பறையில் ஒருவரே ஒரு மூச்சில் செய்த தொழில் இங்கே மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. ஆனால் தனியார் நிலையங்களில் பகுதிநேர ஆசிரியருக்குக் கொடுக்கப்படும் ஊதியம் பெரும்பாலும் திரையில் தோன்றும் மணிநேரத்துக்கே அளக்கப்படுகிறது. ஒரு மணி நேரப் பாடத்துக்கு முன்னர்ச் சென்ற இரவும், பின்னர் வந்து குவியும் கட்டுரைகளும் கணக்கில் வருவதில்லை. தலைக்கணக்கு உதவிப் பணம் போனது, மணிக்கணக்கு வந்தது.

பிரிட்டனின் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் 1969இல் நிறுவப்பட்டு, 1971இல் மாணவரைச் சேர்த்துக்கொண்டது. அதன் துணை விரிவுரையாளர் நெடுங்காலம் பாடத்துக்குப் பாடம் தனித்தனி உடன்படிக்கையில் அமர்த்தப்பட்டனர். பாடம் நின்றால் வேலையும் நிற்கும். சங்கத்தாரோடு பல்லாண்டு நடந்த பேச்சின் பயனாக, 2022 ஆகஸ்டில் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் நிலையான பணி உடன்படிக்கைக்கு மாறினர். தொலைக்கல்வி ஆசிரியர் என்றால் நிலையற்றவராகவே இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் இதனால் உடைந்தது. மலேசியத் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தோன்றியது. மறு ஆண்டில் தமிழ்நாட்டில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் எழுந்து, உலகெங்கும் வாழும் தமிழருக்குப் பாடங்களை இணையத்தில் ஏற்றியது. ஒருமுறை எழுதிய பாடத்தைப் பல நாட்டார் பல்லாண்டு படிக்கும் காலம் தமிழுக்கும் வந்துவிட்டது.

இவையெல்லாம் சிலருக்கு மட்டும் உரிய செய்தியாக இருந்தன, 2020 மார்ச் 18 வரையில். அன்று நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிற்று, பள்ளிகள் அடைக்கப்பட்டன. புக்கிட் ரம்பாய் முதலிய ஊர்களின் தமிழாசிரியரும் தம் கைப்பேசியையே கரும்பலகையாகக் கொண்டனர். கருவி அவருடையது, இணையக் கட்டணம் அவருடையது, வீட்டுக் கூடமே வகுப்பறை. பள்ளிகள் மீண்டும் திறந்த பின்னரும் தனியார் வகுப்புகள் பல திரையிலேயே தங்கிவிட்டன. அதற்கு நல்ல காரணமும் உண்டு. இடைநிலைப் பள்ளியில் தமிழ் இலக்கியம் எடுக்கும் மாணவர் ஓரூரில் இருவர், வேறோரூரில் மூவர் எனச் சிதறிக் கிடக்கின்றனர். பழைய தோட்டங்கள் துண்டாடப்பட்டும் தொழிற்பேட்டைகளாகியும் போனபின், லயத்தில் கூடி வாழ்ந்த குடும்பங்கள் அடுக்கு வீடுகளிலும் தாமான்களிலும் பரவிவிட்டன. அப்பிள்ளைகளை ஒருங்கே உட்கார வைப்பது திரை ஒன்றே.

ஆனால் அத்திரைக்குப் பின்னால் பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. வகுப்புக்கு வர இயலாத மாணவனுக்காகப் பதிவு செய்யப்பட்டது, அடுத்த ஆண்டு மாணவருக்கும் விற்கப்படலாம். பாடம் சொன்னவர் விலகிய பின்னும் விற்கப்படலாம். முற்கூறிய வழக்கில் நீதிபதிகள் பிரித்துக் காட்டிய பேச்சும் எழுத்தும் இங்கே ஒன்றாகிவிட்டன. பேசுகின்ற கணத்திலேயே அது பதிவாகிறது. பதிவானவுடன் அதற்குப் பதிப்புரிமை தோன்றுகிறது. அன்றைய துரை வாங்க இயலாத ஒன்றை இன்றைய நிலையத்தார் ஒரு மணி நேரக் கூலிக்கே பெற்றுக்கொள்ள வழி ஏற்பட்டுள்ளது. நிலையத்தார் தீயவர் என்பதன்று. தாளில் எதுவும் எழுதாதவிடத்துச் சட்டமே அப்பொருளை அவரிடம் சேர்ப்பிக்கிறது.

ஆதலின் ஊதியத் தொகையை மட்டும் பேசி முடித்த உடன்படிக்கை அரை உடன்படிக்கையே. பாட ஆயத்தத்துக்கும் திருத்தத்துக்கும் ஊதியம் தனியா, சேர்ந்ததா; வகுப்பு நிறுத்தப்பட்டால் எத்துணை நாள் முன்னறிவிப்பு; பதிவை எத்தனை தவணைக்குப் பயன்படுத்தலாம்; மறுபடி பயன்படுத்தினால் ஆசிரியருக்குப் பங்கு உண்டா; அவர் தாமே எழுதிய குறிப்புகளைப் பின்னர் நூலாக்கலாமா என்பன எழுத்தில் வரவேண்டியவை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட பணி உடன்படிக்கை எழுத்தில் இருத்தல் வேண்டும் என்கிறது. 2023 சனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் திருத்தம், எழுத்து இல்லாதவிடத்தும் வேலை நேரம், மேற்பார்வை, கருவி, வருமானம் முதலியவற்றை நோக்கி ஒருவரைத் தொழிலாளி எனக் கொள்ள இடந்தருகிறது. அத்திருத்தம் சம்பளத்துக்கும் விடுமுறைக்கும் காப்பாகலாம். பதிவான பாடத்துக்கு அது காப்பாகாது. தொழிலாளி என நிறுவப்பட்டாலும் பாடத்தின் உரிமை 26ஆம் பிரிவின்படி முதலாளியிடமே செல்லும். வேறு உடன்பாடு முன்னரே எழுதப்பட்டிருந்தாலன்றி.