கழிமுகங்களின் போட்டி

மாணவர்களே, உலகில் விளையும் கோதுமையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல் கடந்து விற்பனைக்குச் செல்கின்றது. அரிசியின் நிலை அதுவன்று. விளைவதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே இன்று நாடு விட்டு நாடு போகின்றது. அரை நூற்றாண்டுக்கு முன்னர் இருபதில் ஒரு பங்குதான் போயிற்று. எஞ்சியதெல்லாம் விளைந்த நாட்டிலேயே உண்ணப்படுகின்றது. ஊர் முழுமைக்கும் நீர் தரும் ஏரி வேறு. ஏரி வற்றிய கோடையில் தெருவில் குடம் குடமாக நீர் விற்கும் வண்டி வேறு. உலக அரிசிச் சந்தை அந்த வண்டியைப் போன்றது. பத்து வீட்டார் கூடுதலாக ஒரு குடம் கேட்டால் விலை ஏறிவிடும்; இரண்டு வண்டிகள் சேர்ந்து வந்துவிட்டால் விலை இறங்கிவிடும். இதனை மனத்திற்கொண்டால், அரிசி விற்கும் நாடுகள் ஒன்றோடொன்று போட்டியிட்ட வரலாறு எளிதில் விளங்கும்.

அந்த வரலாறு மூன்று ஆறுகளின் கழிமுகங்களில் தொடங்குகின்றது. பர்மாவின் ஐராவதி, சயாமின் சாவோபிரயா, கொச்சின் சீனத்தின் மீகாங் என்பன அவை. மூன்றும் ஒரே தலைமுறைக்குள் திறந்துவிடப்பட்டன. 1852ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலேயர் கீழ்ப்பர்மாவைக் கைப்பற்றினர். 1855இல் சயாம் மன்னர் மோங்குத், ஆங்கிலத் தூதர் சர் ஜான் பௌரிங்குடன் உடன்படிக்கை செய்துகொண்டு அரிசி ஏற்றுமதிக்கு வழிவிட்டார். 1859இல் சைகோனைப் பிடித்த பிரெஞ்சுக்காரர், மறு ஆண்டே அத்துறைமுகத்தை அரிசிக் கப்பல்களுக்குத் திறந்துவைத்தனர். அதற்கு முன்னர் பர்மிய மன்னர்கள் அரிசி வெளியே போவதைத் தடுத்தே வைத்திருந்தனர். தம் குடிகளின் உணவு முதலில் என்பது அவர்கள் கொள்கை. அதனை அறியாமை என்று எழுதிய ஐரோப்பிய ஆசிரியர்கள் பலர். பிற்காலத்தில் எத்தனை குடியரசுகள் அதே தடையை விதித்தன என்பதைக் கண்ட பின்னர், அம்மன்னர்களை அத்துணை எளிதாகப் பழிக்க எனக்கு மனம் வருவதில்லை.

பர்மாவின் கதையைச் சற்று விரிவாகவே கூறவேண்டும். கீழ்ப்பர்மா அந்நாளில் சதுப்பும் காடுமாக இருந்தது. பத்து இலட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த நெல் நிலம் எண்பதாண்டுகளில் ஏறக்குறைய ஒரு கோடி ஏக்கராயிற்று. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போரால் கரோலினா அரிசி ஐரோப்பாவுக்கு வருவது நின்றது. அந்த இடத்தை இரங்கூன் பிடித்துக்கொண்டது. தீட்டிய வெள்ளரிசி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லும் நீண்ட பயணத்தில் கெட்டுவிடும். ஆதலால் உமி நீக்கிய அரிசியோடு ஐந்தில் ஒரு பங்கு நெல்லையும் கலந்து கப்பலேற்றினர். இலண்டனிலும் லிவர்ப்பூலிலும் பிரேமனிலும் இருந்த ஆலைகள் அதனைத் தீட்டின. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பயணம் குறுகியது. தீட்டும் தொழிலும் இரங்கூனுக்கே வந்து சேர்ந்தது. அந்த அரிசி ஐரோப்பியரின் தட்டுக்கு மட்டும் போகவில்லை. துணிக்குக் கஞ்சிப்பசையாகவும் மதுபானத்துக்கு மூலப்பொருளாகவும் பெரும்பகுதி செலவாயிற்று.

இக்கதையில் நம்மவர்க்கும் இடமுண்டு. காட்டை அழித்து வயலாக்கிய பர்மிய உழவனுக்கு எருது வாங்கவும் ஆட்கூலி கொடுக்கவும் முதல் வேண்டியிருந்தது. ஆங்கில வங்கிகள் அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. செட்டிநாட்டிலிருந்து சென்ற நகரத்தார்கள் கடன் கொடுத்தனர். உள்ளூர் வட்டிக்காரரைவிடக் குறைந்த வட்டிக்கே கொடுத்தனர் என்பதும் உண்மை. ஆலைகளிலும் துறைமுகத்திலும் மூட்டை சுமந்தவர்களில் பெரும்பாலோர் தெலுங்கரும் தமிழரும். இவ்வாறு மூன்று நாட்டு உழைப்பும் பணமும் சேர்ந்து, 1930களில் ஆண்டுக்கு முப்பது இலட்சம் டன் அரிசியை அனுப்பும் நாடாகப் பர்மாவை ஆக்கின. உலகில் அதற்கு நிகரான ஏற்றுமதி நாடு அன்று வேறில்லை.

ஆனால் முதலிடத்தில் இருந்த நாட்டின் உழவன் எந்த நிலையில் இருந்தான்? 1921இல் நான்கு பெரிய ஐரோப்பிய ஆலை நிறுவனங்கள் ஒன்றுகூடி நெல்லைக் குறைந்த விலைக்கு வாங்க ஏற்பாடு செய்தன. அதனைப் 'புல்லிங்கர் கூட்டு' என்பர். நாடுகள் வெளியே போட்டியிட்டன. வாங்குவோரோ உள்ளே கூடிக்கொண்டனர். அடுத்து 1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல்விலை பாதிக்கும் கீழே விழுந்தது. கடன் மட்டும் குறையவில்லை. பதின்மூன்று முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு பங்கு. 1937-38இல் அது நூற்றுக்கு இருபத்தைந்து பங்காயிற்று. நிலத்தை விரும்பி அவர்கள் வாங்கவில்லை. ஈடாக வைத்த நிலம் அவர்கள் தலையில் வந்து விழுந்தது. எனினும், நிலத்தை இழந்த உழவனுக்கு அந்த வேறுபாடு எவ்வாறு தெரியும்? 1930 டிசம்பரில் தராவடி மாவட்டத்தில் சாயா சான் தலைமையில் மூண்ட உழவர் கிளர்ச்சிக்கு இவ்வரிசி விலையும் ஒரு காரணம்.

அதே மந்த காலத்தில் சயாமும் சைகோனும் விலையைக் குறைத்துக்கொண்டு புதிய சந்தை தேடின. சயாமின் நீண்ட மணியரிசிக்குச் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் தனி மதிப்பு இருந்தது. உடைந்த குருணையைத்தான் எங்கேனும் தள்ளவேண்டியிருந்தது. பிரெஞ்சுக்காரர் சைகோன் குருணையை ஆப்பிரிக்காவிலிருந்த தம் குடியேற்ற நாடாகிய செனகலுக்கு அனுப்பிப் பழக்கினர். இன்றும் செனகல் மக்கள் முழு அரிசியைவிடக் குருணையையே விரும்பி உண்கின்றனர் என்றால், சுவையும் கப்பல் வழியே வருவதொன்று என அறியலாம். சயாமின் குருணை சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கிற்று. தஞ்சை மிராசுதாரர்கள் முறையிட்டனர். 1935இல் இந்திய அரசு குருணை மீது இறக்குமதி வரி விதித்தது. நெற்களஞ்சியம் என நாம் பெருமை பேசும் தஞ்சை, பாங்காக்கின் குருணைக்கு அஞ்சிற்று என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் நம்ப மறுத்ததுண்டு.

1942இல் சப்பானியர் பர்மாவைப் பிடித்தனர்; அந்நாட்டு அரிசி வருவது நின்றது. மறு ஆண்டு வங்காளத்தில் நேர்ந்த பெரும் பஞ்சத்துக்குப் பிற காரணங்களும் உண்டு என்றாலும், இரங்கூன் அரிசி வராமற்போனது அவற்றுள் ஒன்று. போர் முடிந்தபின் அரிசி வைத்திருந்தவரே அரசர். கொரியப் போரின்போது அரிசி விலை உயர்ந்தது, முதலில் ஏறிய இரப்பர் விலையோ பின்னர் சரிந்தது. இரப்பரை விற்று அரிசி வாங்கி வாழ்ந்த இலங்கை திணறியது. 1952இல் அது செஞ்சீனத்தோடு இரப்பருக்கு அரிசி என்று பண்டமாற்று உடன்படிக்கை செய்தது; அமெரிக்கா சினந்தது. அடுத்த ஆண்டு பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது 1953 ஆகஸ்டு 12ஆம் நாள் நாடெங்கும் கடையடைப்பு நிகழ்ந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்கா அக்டோபரில் பதவி விலகினார்.

பர்மா இந்த நல்ல காலத்தைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. வாணிகம் முழுவதும் அரசு வாரியத்தின் கையில் இருந்தது. உலக விலை உயர்ந்த காலத்தில் உழவனுக்குக் கொடுத்த விலையை உயர்த்தாமல் இலாபத்தை அரசு எடுத்துக்கொண்டது. கொரியப் போர் முடிந்து விலை இறங்கியதும் மூட்டைகள் கிடங்கில் தேங்கின. 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தபின் வாணிகம் அனைத்தும் நாட்டுடைமை ஆயிற்று. விளைவிக்க ஊக்கமற்ற உழவன் தன் வீட்டுக்கு வேண்டியதோடு நிறுத்திக்கொண்டான். ஏற்றுமதி ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்தது. பர்மாவைப் போட்டியில் வென்ற நாடு ஒன்றுமில்லை. பர்மாவே களத்தைவிட்டு நடந்து போயிற்று.

அவ்விடத்தை உடனே தாய்லாந்து எனப் பெயர் மாறிய சயாம் நிரப்பவில்லை. 1954இல் இயற்றிய 480ஆம் எண் சட்டத்தின்படி அமெரிக்கா தன் மிகை தானியத்தைச் சலுகையாகக் கொடுத்தது. 1960களின் பிற்பகுதியில் சில ஆண்டுகள் அரிசி ஏற்றுமதியில் அதுவே முதலிடம் பெற்றது. தாய்லாந்து அரசோ ஏற்றுமதி அரிசிமீது தனி வரி விதித்து வந்தது. அதனால் பாங்காக் நகரத்தில் அரிசி மலிவாகக் கிடைத்தது. உழவனுக்கு வந்த விலை குறைந்தது. அவ்வரி 1986 வரை நீடித்தது. வியட்நாம் நீண்ட போரில் சிதைந்து இறக்குமதி நாடாயிற்று. 1988இல் கூட்டுப்பண்ணை முறையைத் தளர்த்தி நிலத்தைக் குடும்பங்களிடம் ஒப்படைத்தது. 1989இல் பதினான்கு இலட்சம் டன் அனுப்பி, ஒரே தாவலில் உலகின் மூன்றாம் ஏற்றுமதி நாடாயிற்று. மண்ணும் மழையும் ஆறும் முந்தைய ஆண்டில் இருந்தவையே.

இனி 2008ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு உலகில் நெல் குறைவாக விளையவில்லை, நன்றாகவே விளைந்தது. ஆனால் கோதுமை விலை ஏறியதைக் கண்டு 2007 அக்டோபரில் இந்தியா பாசுமதி அல்லாத அரிசியின் ஏற்றுமதியைத் தடுத்தது. வியட்நாமும் புதிய ஒப்பந்தங்களை நிறுத்தியது. மிகுதியாக வாங்கும் நாடாகிய பிலிப்பைன்ஸ் அஞ்சி, கேட்ட விலைக்கு வாங்க முற்பட்டது. சனவரியில் டன்னுக்கு 400 டாலருக்கும் குறைவாயிருந்த தாய்லாந்து அரிசி ஏப்ரல் முடிவில் 1,000 டாலரை எட்டியது. ஹைத்தியில் உணவுக் கலவரம் மூண்டு பிரதமர் பதவி இழந்தார். அந்நேரத்தில் தாய்லாந்துப் பிரதமர் சமக் சுந்தரவேஜ், எண்ணெய் நாடுகளைப்போல அரிசி நாடுகளும் ஒரு கூட்டமைப்பு அமைக்கலாம் என்றார். எதிர்ப்பு எழவே சில நாட்களில் கைவிட்டார். எண்ணெயைப் பூமிக்குள் விட்டுவைக்கலாம். நெல்லை வயலில் விட்டுவைக்க இயலுமா? விலையைத் தணித்தது சப்பான். உலக வாணிக ஒப்பந்தத்தால் வேண்டாவெறுப்பாக வாங்கி வைத்திருந்த அரிசியை விற்கலாம் என அது சொன்னது. அந்த அரிசி கப்பலேறுமுன்னரே விலை சரியத் தொடங்கியது.

மூன்றாண்டு கழித்து அதே பாடத்தைத் தாய்லாந்து தன் செலவில் படித்தது. 2011இல் பதவியேற்ற யிங்லக் சினவாத்ராவின் அரசு, உழவரிடம் நெல்லை டன்னுக்கு 15,000 பாத் விலையில் வாங்கியது. இது சந்தை விலையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. நாமே பெரிய விற்பனையாளர். சரக்கைக் கிடங்கில் பூட்டி வைத்தால் உலக விலை தானே ஏறும் என்பது கணக்கு. உழவனுக்கு ஒரு முறையாவது நல்ல விலை கொடுக்க நினைத்த அந்த எண்ணத்தை நான் குறை கூறமாட்டேன். கணக்குத்தான் பிழை. அதே ஆண்டு செப்டம்பரில் இந்தியா தடையை நீக்கிக்கொண்டு சந்தையில் நுழைந்தது. விலை ஏறவில்லை. 2012இல் இந்தியா முதலிடம், வியட்நாம் இரண்டாமிடம், தாய்லாந்து மூன்றாமிடம். ஒன்றரைக் கோடி டன்னுக்கும் மேலான அரிசி கிடங்குகளில் பழுதாகிக் கிடந்தது. 2014 தொடக்கத்தில் உழவர் பலர் விற்ற நெல்லுக்குப் பணம் பெறாமல் சாலையில் அமர்ந்தனர். அவ்வாண்டு மே மாதத்தில் ஆட்சி கவிழ்ந்தது.

அன்று முதல் முதலிடம் இந்தியாவுடையதே. 2022இல் உலக அரிசி வாணிகத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு இந்திய அரிசி. நம் காக்கிநாடாத் துறைமுகத்திலிருந்து புழுங்கலரிசி மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் செல்கின்றது; பாசுமதி ஈரானுக்கும் அரபு நாடுகளுக்கும் செல்கின்றது. பாசுமதியில் பாகிஸ்தானோடும், மணமுள்ள மல்லிகை அரிசியில் தாய்லாந்தோடு கம்போடியாவும் வியட்நாமும் போட்டியிடுகின்றன. இந்தியாவின் அரிசி மலிவாயிருப்பதற்குக் கூலி மட்டும் காரணமன்று. உழவருக்கு அரசு தரும் மின்சாரமும் உரமும் அதில் அடங்கும். பஞ்சாபின் நிலத்தடி நீரும் அந்த மூட்டையில்தான் கப்பலேறுகின்றது. அதற்கு விலைப்பட்டியலில் இடமில்லை.

2023 சூலை 20ஆம் நாள், மழை பொய்க்குமோ என்ற அச்சத்திலும் உள்நாட்டு விலையேற்றத்தாலும், இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளரிசியின் ஏற்றுமதியைத் தடுத்தது. வெளிநாடுகளில் வாழும் நம்மவர் கடைகளில் வரிசையில் நின்று மூட்டை மூட்டையாக வாங்கினர். உலக விலை பதினைந்தாண்டுகளில் காணாத உயரத்துக்குச் சென்றது. தாய்லாந்தும் வியட்நாமும் நன்றாக விற்றன. 2024 செப்டம்பரில் தடை நீங்கிற்று. அடுத்த சில மாதங்களில், டன்னுக்கு 600 டாலரைத் தாண்டியிருந்த வியட்நாம் அரிசியின் விலை 400 டாலருக்கும் கீழே இறங்கியது. மீகாங் கழிமுகத்தில் அப்போது அறுவடைக் காலம்.