மாதிரி ரயில்வே மரங்கள்

மாதிரி ரயில் அமைப்புகளின் நிலக்காட்சியில் இடம்பெறும் சிற்றுருவ மரங்கள் மாதிரி ரயில்வே மரங்கள் எனப்படுகின்றன. இவை பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டவையாகக் கடைகளில் கிடைக்கின்றன. காய்ந்த செடி, நார், மரத்தூள், கழிவுக் கம்பி போன்ற, அக்கம்பக்கத்தில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு கையாலும் செய்யப்படுகின்றன. ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களின் மரங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு மரங்களின் உருவம் கொண்டவை. ஆகவே பனையும் புளியும் நிற்கும் தமிழகக் காட்சியை அமைப்போர்க்குக் கைவேலையே முதன்மையான வழி.

பின்னணி

நிலக்காட்சிக்கு ரயிலுக்கு நிகரான இடம் தந்த முன்னோடிகளில் இங்கிலாந்தின் ஜான் ஆஹெர்ன், அமெரிக்காவின் ஜான் ஆலன் (1913–1973) ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். ஆஹெர்னின் மேடர் வேலி அமைப்பு இன்று பெண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. இந்தியாவில் புனேயின் கோத்ரூட் பகுதியில் பாவுசாகேப் ஜோஷி உருவாக்கிய சிற்றுருவ ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது.

தமிழ் வீடுகளில் இக்கலைக்கு நெருங்கிய உறவு நவராத்திரிக் கொலுவின் ‘பார்க்’. அதில் கேழ்வரகோ கடுகோ முளைக்கவிட்டு வயலாக்குவர், கண்ணாடியைக் குளமாக்குவர், பொம்மை ரயிலும் ஓடவிடுவர். ஆனால் கொலுவில் பொம்மைகளுக்கிடையே அளவுப் பொருத்தம் தேவையில்லை. மாதிரி ரயில்வேயில் அதுவே அடிப்படை.

அளவு

பரவலாகப் பயன்படும் ‘எச்ஓ’ அளவில் எல்லாப் பொருளும் 87-இல் ஒரு பங்காகச் சிறுக்கும். ‘என்’ அளவில் 160-இல் ஒரு பங்காகும். 12 மீட்டர் உயரப் புளியமரம் முதலாவதில் சுமார் 14 செ.மீ., இரண்டாவதில் 7.5 செ.மீ. நிற்கும். இலையின் அளவும் இப்படியே குறையும். எச்ஓ அளவில் 6 செ.மீ. வேப்பஞ்சிற்றிலை 0.7 மி.மீ. ஆகிவிடும், புளியஞ்சிற்றிலை 0.2 மி.மீ.-க்கும் குறையும். ஆகவே தனி இலை செய்வதில் பயனில்லை. சலித்த தூளே இலைத்திரளாகிறது. மரத்தை இன்ன மரமென்று அடையாளம் காட்டுவது கிளை பிரியும் விதமும் முடியின் வடிவமுமே.

பொருள்கள்

எடுத்துக்காட்டாக, தமிழகத்தின் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் ஏரிக்கரையும் தரிசு நிலமும் தொழிற்சாலையும் அடுத்தடுத்து இருப்பதால், செடி, கழிவு என இருவகைப் பொருள்களும் கிடைக்கின்றன.

செடிவகை: சீமைக் கருவேலத்தின் வளைந்து நெளிந்த சிறுகிளைகள் முள் நீக்கியபின் முதிர்ந்த மரத்தின் அடியாகப் பயன்படும். காய்ந்த மாம்பூங்கொத்து, தன் இயல்பான கிளைப்பிரிவால் கூம்பு வடிவ மரத்துக்குப் பொருந்தும். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் பற்பாடகம், கம்பிபோல் மெலிந்த கிளைகளை உடையது, நுனிக்கிளைகளுக்கு ஏற்றது. மளிகைக் கடைக் கல்பாசி தட்டையாக இருப்பதால் மரமுடிக்கு உதவாது. தரைப் புதருக்கு ஆகும். எளிதில் செதுக்கத்தக்க நெட்டி தடித்த அடிமரத்துக்கு ஏற்றது. தஞ்சாவூரில் நெட்டியைக் கொண்டு கோயில் மாதிரிகள் செய்யும் கைத்தொழில் புவிசார் குறியீடு பெற்றது.

கழிவுவகை: பழைய மின்கம்பிக்குள் இருக்கும் மெல்லிய செம்பு இழைகள் கிளைக்கூடு செய்ய உதவும். பொதிகளில் வரும் பஞ்சு நுரையை மிக்ஸியில் அரைத்தால் இலைத்தூள் கிடைக்கும். இவை காயலான் கடைகளில் கிடைக்கும். கம்பியின் மேலுறையைக் கத்தியால்தான் உரிக்க வேண்டும்; எரித்தால் நச்சுப்புகை வரும்.

செய்முறை

30 முதல் 50 செம்பு இழைகளை ஒன்றாக முறுக்கினால் அடிமரம் உருவாகும். மேலே போகப்போக இழைகளைப் பாதி பாதியாகப் பிரித்துத் தனித்தனியே முறுக்கினால் கிளைகள் இயல்பாக மெலியும். பசையும் மரத்தூளும் கலந்து பூசினால் பட்டையின் சொரசொரப்பு வரும். பட்டைக்குப் பழுப்பைவிடச் சாம்பல் நிறமே பெரும்பாலும் பொருந்தும்.

அடுத்து, பிரித்த நாரை மெல்லிய வலையாகக் கிளைகள்மீது படரவிட்டு, ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையைச் சம அளவு நீருடன் கலந்து தெளிப்பர். பாத்திரம் கழுவும் சோப்புநீர் ஒரு துளி சேர்த்தால் பசை உருளாமல் பரவும். பின் சாயமேற்றிய தூளைச் சல்லடையால் தூவுவர். அடியில் கரும்பச்சையும் உச்சியில் வெளிர்பச்சையும் தூவினால் வெயில் படும் தோற்றம் கிட்டும். வான்வெளி தெரியும் இடைவெளிகளை அடைத்துவிடக் கூடாது.

தமிழக மரங்கள்

பனை: 18 மீட்டர் மரம் எச்ஓ அளவில் சுமார் 21 செ.மீ. உயரம் கொள்ளும். அடிமரத்துக்கு 5 மி.மீ. தடிமன் வேண்டும், ஊதுபத்திக் குச்சி இதற்கு மெலிது. ஓலைகளை 1.4 செ.மீ. அகலக் காகித விசிறிகளாக மடித்து, உருண்டையான முடியாக ஒட்டுவர். பழுத்துத் தொங்கும் சில ஓலைகளும் சேர்ந்தால்தான் அது பனையாகும்.

தென்னை: கோழி இறகை 5 முதல் 6 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, ஓரத்தைக் கீறிப் பச்சை பூசினால் மட்டையாகும். 3 மி.மீ. மூங்கில் குச்சியைச் சற்று வளைத்து அடிமரமாக்கலாம்.

ஆல்: அகன்ற கம்பிக்கூட்டின் கிளைகளிலிருந்து சணல் இழைகளைத் தரைவரை இறக்கினால் விழுதாகும்.

சாலையோரப் புளி: அடிமரத்தில் வெள்ளையும் கறுப்புமான பட்டைகளைத் தீட்டினால் நெடுஞ்சாலை மரம் என்பது விளங்கும்.

பாதுகாப்பு

காய்ந்த செடிகளின் எதிரிகள் ஈரமும் பூச்சியும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே செடிகளைச் சேகரித்து நன்கு உலர்த்துவது வழக்கம். நீர் கலந்த கிளிசரினில் ஊறவைத்தால் நுனிகள் ஒடியாமல் வளையும். முடிந்த மரத்தின்மேல் பளபளப்பற்ற வார்னிஷ் தெளித்தால் தூள் உதிராது. நிறம் வெளிறாதிருக்க நேரடி வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். கம்பி மரங்களுக்குப் பூச்சியால் கேடில்லை. கைபடும் முன்வரிசைக்குக் கம்பி மரங்களையும், பின்வரிசைக்குச் செடி மரங்களையும் அமைப்பது சிக்கனமான முறை. பின்வரிசை மரங்களைச் சற்றுச் சிறிதாகவும் வெளிர்நிறத்திலும் செய்தால், குறுகிய பலகையிலும் தொலைவு கூடித் தெரியும்.