விலங்குகளில் திசு அழுகல்

விலங்குகளில் திசு அழுகல் என்பது, இரத்த ஓட்டம் தடைப்படுவதாலோ கடுமையான நுண்ணுயிர்த் தொற்றாலோ உடலின் ஒரு பகுதி உயிரிழந்து கெட்டுப்போகும் நிலை. கால்நடை மருத்துவர்கள் இதைக் கேங்ரீன் என்பர். செத்த திசுவை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. அழுகல் பரவாமல் நிறுத்தி, எஞ்சிய உறுப்பையும் உயிரையும் காப்பதே சிகிச்சையின் நோக்கம்.

வகைகள்

உலர் அழுகல்: தமனி வழியே வரும் இரத்தம் படிப்படியாகக் குறைவதால் உண்டாகிறது. காது நுனி, வால், கால்களின் கீழ்ப்பகுதி ஆகியவற்றில் தோல் சுருங்கிக் கறுத்து விறைக்கும், நாற்றம் குறைவு. இறுகிய கயிறு, தளர்த்தாமல் விட்ட கட்டு, உறைபனி, எர்காட் பூஞ்சை தாக்கிய தானியம் ஆகியவை காரணங்கள். எர்காட் நஞ்சு சிறு தமனிகளைச் சுருக்கிவிடுகிறது. பஞ்சாப், ஹரியானா பகுதிகளில் குளிர்காலத்தில் பூஞ்சணம் பிடித்த வைக்கோலைத் தின்னும் எருமைகளுக்கு வரும் டெக்னாலா நோயிலும் வால், காது, கால்கள் இவ்வாறே அழுகுகின்றன. சில எருமைகளுக்குக் குளம்பே கழன்றுவிடும்.

ஈர அழுகல்: நீர்கோத்த திசுவில் பாக்டீரியாக்கள் பெருகுவதால் வருவது. வீக்கம், கசிவு, துர்நாற்றம் ஆகியவற்றோடு விரைந்து பரவி, நஞ்சு இரத்தத்தில் கலக்கும்.

வாயு அழுகல்: காற்றில்லாத சூழலில் வளரும் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியாக்கள் தசையை அழித்து வாயுவை உண்டாக்குவதால் வருவது. மூன்றிலும் கொடியது இதுவே.

கண்டறிதல்

தொடக்கத்தில் பாதித்த இடம் சிவந்து, சூடாகி, தொட்டால் வலிக்கும். பிறகு நீலம் பாரித்துக் கறுக்கும், குளிர்ந்துபோகும், வலியும் நின்றுவிடும். வலி நின்றதைக் குணமானதாகக் கொள்வது தவறு. அது திசு செத்ததன் அடையாளம். ஊசியால் குத்தினால் விலங்கு உணராது, இரத்தமும் வராது. சீழ்க்கட்டியில் சூடும் வலியும் பொதுவாக நீடிக்கும் என்பதால் இரண்டையும் பிரித்தறியலாம். சில நாள்களில் உயிருள்ள தோலுக்கும் செத்த தோலுக்கும் இடையே ஓர் எல்லைக்கோடு தெளிவாகத் தெரியவரும்.

சப்பை நோய்

கிளாஸ்ட்ரிடியம் சோவியை என்ற பாக்டீரியாவால் மாடுகளுக்கு வரும் வாயு அழுகல் இது. பெரும்பாலும் 6 மாதம் முதல் 2 வயது வரையிலான, நல்ல ஊட்டமுள்ள கன்றுகளையே தாக்கும். மண்ணிலுள்ள வித்துகள் தீவனத்தோடு உடலுக்குள் சென்று தசையில் உறங்கிக் கிடந்து பின்னர் முளைக்கின்றன. திடீர்க் காய்ச்சலும் நொண்டலும் கண்டு, தொடை அல்லது தோள் சப்பை வீங்கும். வீக்கத்தை அழுத்தினால் அப்பளம் நொறுங்குவதுபோல் தோலுக்கடியில் சடசடக்கும். பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரத்திற்குள் இறப்பு நேர்கிறது.

மடி அழுகல்

குட்டி ஈன்ற ஆடுகளில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவின் நஞ்சால் மடியின் ஒரு பாதி கருநீலமாகிக் குளிர்ந்துவிடும். பீய்ச்சினால் பாலுக்குப் பதில் செந்நிற நீர் வரும். ஆடு அந்தப் பக்கத்துப் பின்னங்காலை இழுத்து நடக்கும், குட்டியை ஊட்டவிடாது. பிழைத்தாலும் அந்தப் பாதி மீண்டும் பால் தராது.

சிகிச்சை

முதலில் இறுக்கிய கயிறு, கட்டு, கெட்ட தீவனம் போன்ற காரணத்தை நீக்க வேண்டும். வாயு அழுகலில் தாமதமின்றி அதிக அளவு பெனிசிலின் செலுத்துவர். மடி அழுகலுக்கு ஏற்ற ஆன்டிபயாட்டிக்கை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். நஞ்சேறிய விலங்குக்குச் சிரை வழியே குளுக்கோஸ், உப்புநீர் ஏற்றுவர். வலிக்கு மெலாக்சிகாம் தரப்படுகிறது. பாறுக் கழுகுகளின் அழிவுக்குக் காரணமானதால் டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணியைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த இந்தியா 2006-இல் தடை விதித்தது. செத்த திசுவை அறுத்து அகற்றிப் புண்ணைத் திறந்த நிலையில் கழுவி ஆற்றுவர். வால், கால் அழுகலில் எல்லைக்கோட்டுக்கு மேலே, நல்ல திசுவில் உறுப்பைத் துண்டிப்பர். புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைக்காமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

தடுப்பு

சப்பை நோய்த் தடுப்பூசியை 6 மாத வயது முதல் ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் போட வேண்டும். இந்நோயில் இறந்த மாட்டை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிர்த்திருக்கும் என்பதால் சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைக்க வேண்டும். வைக்கோலை நனையாமல் சேமிப்பதும், கால்கட்டுகளை நாள்தோறும் தடவிப் பார்ப்பதும், கறக்கும் முன்னும் பின்னும் காம்பைச் சுத்தம் செய்வதும் மற்ற வகைகளைப் பெருமளவு தவிர்க்கும்.