2147483647: 'பயனில்லை' எண்டு ஒதுக்கப்பட்ட எண்

2014 டிசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' பாடலின் யூடியூப் பார்வைகள் 2147483647 ஐத் தாண்டின. பழைய 32 பிட் எண்ணியால் அதுக்கு மேல் எண்ண ஏலாது. யூடியூப் 64 பிட்டுக்கு மாறியது. எங்களில் கனபேர் இந்த எண்ணைக் கேள்விப்பட்டதே அந்தப் பகிடியால்தான். ஆனால் அதன் கதை கணினிக்கு மிக முந்தியது.

31 இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருவது இந்த எண். இது முதன்மை எண் என்று பிரான்சின் மேர்சென் 1644 இல் ஒரு பட்டியலில் எழுதினார். நிறுவல் தரவில்லை, அந்தப் பட்டியலில் பிழைகளும் இருந்தன.

நிறுவியவர் ஒயிலர். சும்மா வகுத்துப் பார்ப்பதென்றால், 46340 வரையுள்ள நாலாயிரத்துக்கும் மேற்பட்ட முதன்மை எண்களால் வகுக்க வேண்டும். ஒயிலர் முதலில் யோசித்தார்: இந்த எண்ணுக்கு ஒரு முதன்மைக் காரணி இருந்தால், அதை 248 ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகத்தான் இருக்கும். அப்படிப் பார்த்தால் சோதிக்க வேண்டியவை அதிகபட்சம் 372 எண்கள். ஒன்றுமே மீதியின்றி வகுக்கவில்லை. முடிவு 1772 இல் வெளிவந்தது. அப்போது ஒயிலருக்குக் கண்பார்வை ஏறக்குறைய முழுதாகப் போயிருந்தது.

இதிலிருந்து இன்னொரு எண்ணும் கிடைத்தது. 6 இன் காரணிகளான 1, 2, 3 ஐக் கூட்டினால் திரும்பவும் 6 வரும். இப்படிப்பட்டவை நிறைவெண்கள். 2147483647 ஐ 30 இரண்டுகளால் பெருக்கினால் 19 இலக்கங்கள் கொண்ட ஒரு நிறைவெண் வரும்.

1811 இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் பீற்றர் பார்லோ தன் நூலில் ஒரு தீர்ப்பு எழுதினார்: இதைவிடப் பெரிய நிறைவெண்ணை ஒருவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை; இவை வெறும் வேடிக்கை, பயனில்லை, ஆகவே ஒருவரும் மினக்கெட மாட்டார்கள். 65 வருசத்தில், 1876 இல், பிரான்சின் லூக்கா 127 இரண்டுகளின் பெருக்கத்தில் ஒன்று குறைந்த எண்ணும் முதன்மை எண்ணே என்று காட்டினார். அதோடு பெரிய நிறைவெண்ணும் வந்தது.

பயனும் வந்தது. யூடியூப் எல்லைக்கும் முதன்மைத் தன்மைக்கும் தொடர்பில்லை. அது பிட் கணக்கு மட்டும்தான். ஆனால் 1969 இல் ஐபிஎம் கணினிகளுக்காக எழுமாற்று எண்கள் உருவாக்க ஒரு வழி வெளியானது. ஒரு எண்ணை 16807 ஆல் பெருக்கு, 2147483647 ஆல் வகு, மீதியை எடு, அந்த மீதியோடு திரும்பச் செய். 1 இலிருந்து 2147483646 வரையுள்ள ஒவ்வொரு எண்ணும் ஒருதரம் வந்த பிறகே சுற்று முடியும். வகுக்கும் எண் முதன்மை எண்ணாக இல்லாவிட்டால் இந்த முழுச்சுற்று கிடைக்காது.

"இதைப் படிச்சு என்ன செய்யப் போறம்?" எண்டு கணித வகுப்பில் நாங்களும் கேட்டிருக்கிறம். கேள்வியில் பிழையில்லை. பார்லோவும் கணிதம் தெரியாத ஆள் இல்லை. தன் காலத்தில் பயன் தெரியவில்லை என்பதை, இனி எப்போதும் பயனில்லை என்று எழுதிவிட்டார். அங்கேதான் பிழைத்தது.