மிட்செல் சாட்டிர்

வட அமெரிக்காவின் மிக அரிய வண்ணத்துப்பூச்சிகளுள் ஒன்று. அறிவியல் பெயர் நியோனிம்பா மிட்செல்லி. மிச்சிகன் மாநிலத்தில் பிடிபட்ட மாதிரிகளைக் கொண்டு 1889இல் ஜி. எச். பிரெஞ்ச் இதை முதன்முதலாக விவரித்தார்.

சிறகு விரிவு ஏறத்தாழ 4 செ.மீ. மேற்புறம் குறியேதும் இல்லாத வெறும் பழுப்பு. அடையாளம் முழுவதும் அடிப்புறத்தில்தான்: ஓரத்தை ஒட்டி, மஞ்சள் வளையமிட்ட கருங்கண்புள்ளிகள் வரிசையாக அமைந்திருக்கும், அவற்றின் நடுவே வெள்ளி மினுக்கம். பலரும் இதனோடு குழப்பிக்கொள்ளும் லிட்டில் வுட் சாட்டிர் இனத்துக்கு மேற்புறத்திலும் கண்புள்ளிகள் உண்டு. எனவே சிறகு விரித்து அமரும் நொடிவரை பொறுமையாகக் காத்திருந்தால் போதும், வலை தேவையில்லை.

சுண்ணாம்புச் சத்துள்ள நிலத்தடி நீர் ஊறும் கோரைச் சதுப்புகளே வாழிடம். வடபகுதியில் ஆண்டுக்கு ஒரே தலைமுறை. ஜூன் இறுதி முதல் ஜூலை நடுப்பகுதி வரை, தாழ்வாகத் தத்தித் தத்திப் பறக்கும். இந்த மெதுவான பறத்தலே இதற்கு ஆபத்தாயிற்று. நியூ ஜெர்சியில் இது அற்றுப்போனதற்குச் சேகரிப்பாளர்களும் காரணம் எனக் கருதப்படுகிறது. நீர்வரத்து மாறுவதும் புதர் மண்டுவதும் அதைவிடப் பெரிய அச்சுறுத்தல்கள். ஆனாலும் சிறு கூட்டமாக எஞ்சிய இனத்தில் பெண்பூச்சிகள் சில பிடிபடுவதே பேரிழப்பு. 1992 முதல் அமெரிக்கச் சட்டப்படி அழிநிலை இனம். அனுமதியின்றிப் பிடிப்பது குற்றம்.

இதன் துணையினமான செயின்ட் பிரான்சிஸ் சாட்டிர், வட கரோலினாவின் போர்ட் பிராக் ராணுவத் தளத்தில் மட்டுமே வாழ்கிறது. பீரங்கிப் பயிற்சியில் மூளும் தீ அங்கே புதரை அழித்துக் கோரையைக் காக்கிறது.