சாய்ந்து உருளும் பந்து – 5: பன்னிரண்டுக்குப் பதிமூன்று

2022 ஆகஸ்ட் 1, திங்கட்கிழமை. ஆடிப்பூரம்.

விருதுநகர் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. கொரோனாவால் இரண்டு வருஷம் நிலையிலேயே நின்றிருந்த ஆண்டாள் தேர் அன்றுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளில் மறுபடி அசைந்தது. இராஜபாளையத்திலிருந்தும் சிவகாசியிலிருந்தும் வந்த ஜனம் வடத்தைத் தொட்டாவது விட வேண்டுமென்று முண்டியடித்தது. நம்மூர்க் கண்ணெல்லாம் தேர்மேல் இருந்த அந்த நாளில், இங்கிலாந்தில் ராயல் லெமிங்டன் ஸ்பா என்கிற சிறிய ஊரில், நான்கு இந்தியப் பெண்கள் ஒரு பூங்காவின் புல்தரையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி. பெண்கள் நால்வர் லான் பவுல்ஸ் அரையிறுதி. மொத்தம் பதினைந்து எண்டு, அதாவது சுற்று. பதினான்கு முடிந்துவிட்டது.

நியூசிலாந்து 13. இந்தியா 12.

இன்னும் ஒரே ஒரு எண்டு. தோற்றால் அடுத்து வெண்கலத்துக்கான ஆட்டம், அதிலும் தோற்றால் வெறுங்கையோடு விமானம். ஜெயித்தால், இந்த ஆட்டத்தில் இந்தியா அதுவரை தொட்டே பார்க்காத பதக்கம் உறுதி. எதிரே நிற்பதோ, காமன்வெல்த் லான் பவுல்ஸில் பதக்கம் குவித்துப் பழகிய தேசம்.

கடைசிப் பந்து உருள்வதற்கு முன் ஒரு கேள்வி. யார் இந்த நால்வர்?

* * *

சென்ற வாரங்களில் இந்த ஆட்டத்தின் பெரிய மனிதர்களைப் பார்த்தோம். கிரிக்கெட்டில் பெயர் வாங்கிய தாடிக்காரர் டபிள்யூ. ஜி. கிரேஸ், 1903-ல் இங்கிலீஷ் பவுலிங் அசோசியேஷனுக்கு முதல் தலைவரானார். லண்டன் கிரிஸ்டல் பேலஸுக்குள் கம்பளம் விரித்து, மழைக்காலத்திலும் ஆடலாம் என்று காட்டியவரும் அவர்தான். பள்ளி ஆசிரியர் டேவிட் பிரையன்ட், வாயில் பைப்போடு 1979, 1980, 1981 என்று முதல் மூன்று உலக இன்டோர் பட்டங்களையும் வரிசையாக அள்ளினார். ஸ்காட்லாந்தின் அலெக்ஸ் மார்ஷல் அதே பட்டத்தை ஆறு முறை வென்றார். நார்ஃபோக் கடற்கரையில் ஒரு விடுதி அரங்கில், நீலக் கம்பளத்தின்மேல், டிவி கேமராக்களுக்கு நடுவே ஆண்டுதோறும் நடக்கும் போட்டி அது. பிரிட்டனில் இந்த ஆட்டத்துக்குப் பரிசுத் தொகை உண்டு, விளம்பரதாரர் உண்டு, பெயர் சொன்னால் தெரிகிற தொழில்முறை ஆட்டக்காரர்கள் உண்டு.

இந்தியாவில் அதெல்லாம் கிடையாது. நம் நால்வருக்கும் மாதச் சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்தது. ஒருவர் போலீஸ், ஒருவர் பள்ளிக்கூட டீச்சர், ஒருவர் வனத்துறை, ஒருவர் விளையாட்டு அதிகாரி. நால்வரில் ஒருவர்கூட முதலில் இந்த ஆட்டத்துக்கு வந்தவரில்லை என்பதுதான் விசேஷம்.

லவ்லி சௌபே ராஞ்சிக்காரர். 100 மீட்டர் ஓடியவர், நீளம் தாண்டியவர். உடம்பில் பட்ட காயம் அந்தக் கதையை முடித்தது. ஓட முடியாத ஓட்டக்காரி என்ன செய்வார்? மதுகாந்த் பாதக் என்கிற கிரிக்கெட் நடுவர், இப்படி ஓர் ஆட்டம் இருக்கிறது, முயன்று பார் என்று வழிகாட்டினார். 2008-ல் பந்தைக் கையில் எடுத்த லவ்லி அப்புறம் கீழே வைக்கவில்லை. வேலை, ஜார்க்கண்ட் போலீசில் கான்ஸ்டபிள்.

நயன்மோனி சைக்கியா அசாமின் கோலாகாட் மாவட்டத்துக்காரர். எடை தூக்கியவர். அவரையும் காயம்தான் மேடையிலிருந்து இறக்கியது. உடம்பின் முழு பலத்தையும் ஒரே நொடியில் கொட்டப் பழகியவர், பலத்தை அளந்து அளந்து செலவழிக்கும் ஆட்டத்துக்கு வந்தார். வேலை, அசாம் வனத்துறையில்.

பிங்கி டெல்லிக்காரர். கிரிக்கெட் ஆடியவர். பிறகு ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி விசில் ஊதிய நேரம் போக, மிச்ச நேரத்தில் இந்த ஆட்டம்.

ரூபா ராணி திர்க்கியும் ராஞ்சிதான். கபடி ஆடியவர். எதிராளியின் இடுப்பையும் கணுக்காலையும் பார்த்து, எந்தப் பக்கம் பாயப்போகிறார் என்று கணிக்கும் கண் அப்போதே வாய்த்தது. வேலை, ஜார்க்கண்டின் ராம்கட்டில் மாவட்ட விளையாட்டு அதிகாரி. அந்த வருஷம் ஜனவரியில்தான் கல்யாணம். புதுப்பெண்ணாக வீட்டில் இருந்த நாட்களைவிட முகாமில் இருந்த நாட்களே அதிகம்.

ஓட்டம், பளு, மட்டை, கபடி. இளமையையும் முழு உடம்பையும் கேட்கும் ஆட்டங்கள் ஒவ்வொருவரையும் ஒரு கட்டத்தில் வாசலுக்கு அனுப்பிவிட்டன. லான் பவுல்ஸ் அவர்களிடம் வயதைக் கேட்கவில்லை. கிரேஸுக்குக் கிடைத்த இரண்டாவது இன்னிங்ஸ், நூறு வருஷம் கழித்து ராஞ்சியிலும் கோலாகாட்டிலும் கிடைத்தது.

ஆனால் அது எளிதான இன்னிங்ஸ் இல்லை. ஏனென்றால் இந்தப் பந்து நேராகப் போகாது.

* * *

ஆண்டாள் தேர் முக்கு திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வடம் பிடிப்பவர்கள் நேராகத்தான் இழுக்கிறார்கள். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்தான் தேரைத் திருப்புகிறார். லான் பவுல்ஸில் அந்த முட்டுக்கட்டை பந்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரு காலத்தில் ஈயம் வைத்து ஒரு பக்கத்தைக் கனமாக்கினார்கள். இப்போது பந்தின் வடிவத்திலேயே ஒரு பக்கச் சாய்வு கடைந்து விடுகிறார்கள். வேகமாக உருளும்வரை பந்து ஏறக்குறைய நேராகப் போகும். வேகம் குறையக் குறைய, சாய்ந்த பக்கமாக வளையும். கடைசி சில அடிகளில் வளைவு ரொம்பவே கூடிவிடும்.

எதிர்முனையில் ஒரு சின்ன உருண்டை கிடக்கும். அதன் பெயர் ஜாக். குறைந்தது 23 மீட்டர் தள்ளி. அதை நேராகக் குறிவைத்தால் பந்து அதனிடம் போகாது. எங்கோ வெறும் புல்லைக் குறிவைத்து விட்டால்தான் வளைந்து வந்து ஜாக்கின் மடியில் உட்காரும். ஒன்றரைக் கிலோவைத் தொடும் பந்து. அன்றைய புல் ஈரமா, காய்ச்சலா, காற்று எந்தப் பக்கம் என்பதெல்லாம் கணக்கில் சேரும்.

நால்வர் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு பந்து. முதலில் உருட்டுகிறவர் லீட். இந்திய அணியில் அது லவ்லி. அடுத்து செகண்ட், பிங்கி. மூன்றாவது, நயன்மோனி. கடைசியில் ஸ்கிப், அதாவது கேப்டன், ரூபா ராணி. மற்ற மூவரும் உருட்டும்போது ஸ்கிப் மறுமுனையில் நின்று கையசைத்து வழி காட்டுவார். எட்டும் எட்டும் பதினாறு பந்துகள் கிடந்த பிறகு, எதிரணியின் மிக நெருங்கிய பந்தைவிட ஜாக்குக்கு அருகில் உங்களுக்கு எத்தனை பந்து இருக்கிறதோ அத்தனை புள்ளி. இன்னோர் அணிக்குப் பூஜ்யம். அதோடு ஒரு எண்டு முடிந்தது.

ஏழு பந்து அருமையாக விழுந்து, எதிராளியின் எட்டாவது பந்து ஜாக்கையே தட்டி நகர்த்தினால் கணக்கு மொத்தமும் தலைகீழாகும். அதனால்தான் இந்த ஆட்டத்தில் முன்னிலை என்பதை யாரும் நம்புவதில்லை. நம் அணிக்கு அது பட்டறிந்த பாடம்.

* * *

இந்தியா காமன்வெல்த் லான் பவுல்ஸில் முதன்முதலாக இறங்கியது 2010-ல், சொந்த மண்ணில், டெல்லியில். 1930-ல் ஹாமில்டனில் நடந்த முதல் போட்டியிலிருந்தே இருக்கும் ஆட்டம் இது. நாம் எட்டிப் பார்க்கவே எண்பது வருஷம் ஆயிற்று. மறு வருஷம் ராஞ்சியில் தேசிய விளையாட்டு நடந்தபோது நாம்கும் பகுதியில் இதற்கென்று ஒரு புல்தரை அமைந்தது. ஜார்க்கண்டிலிருந்து இத்தனை பேர் வந்ததற்கு அந்தத் தரையும் ஒரு காரணம்.

2018-ல் ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்டில் பெண்கள் நால்வர் அணி கால் இறுதிவரை போனது. அங்கே மால்டாவிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றுத் திரும்பியது. ஜாக்குக்கு ஒரு விரல் நெருக்கமாக ஒரு பந்து கிடந்திருந்தால் கதை வேறு. நான்கு வருஷம் அந்த ஒரு புள்ளியைச் சுமந்துகொண்டுதான் பர்மிங்காமுக்கு வந்தார்கள்.

வந்த இடத்திலும் சகுனம் சரியில்லை. குழு ஆட்டத்தில் இங்கிலாந்திடம் தோல்வி. பிறகு குக் தீவுகள், கனடா என்று ஜெயித்து மேலேறினார்கள். கால் இறுதியில் நார்ஃபோக் தீவு. பசிபிக்கில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் மட்டுமே வாழும் தீவு, இந்த ஆட்டத்துக்கென்று ஓர் அணியை அனுப்புகிறது. அதையும் தாண்டித்தான் அரையிறுதி.

அங்கே இரண்டே எண்டில் நியூசிலாந்து 5, இந்தியா 0. பார்த்தவர்கள் முடிந்தது என்று நினைத்திருப்பார்கள். ஆனால் அவசரப்படாமல் எண்டு எண்டாகக் கடனை அடைத்தார்கள். ஒன்பதாவது எண்டு முடிவில் ஏழுக்கு ஏழு. பத்தாவதில் இந்தியா 10, நியூசிலாந்து 7. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் நியூசிலாந்து மறுபடி எழுந்தது. பதினான்காவது எண்டு முடிவில் 13-12.

இப்போது ஆரம்பித்த இடத்துக்கு வந்துவிட்டோம். கடைசி எண்டு.

லவ்லி உருட்டினார். பிங்கி உருட்டினார். நயன்மோனி உருட்டினார். அதுவரை மறுமுனையில் கையசைத்துக்கொண்டிருந்த ரூபா ராணி நடந்து வந்து, உருட்டுகிறவர் நிற்கும் பாயில் கால் வைத்தார். ஒரு புள்ளி எடுத்தால் சமன். இரண்டு எடுத்தால் வெற்றி. தவறினால், கோல்டு கோஸ்டின் அதே ஏமாற்றம் மறுபடியும்.

பழைய கபடிக்காரி புல்லைப் பார்த்தார், குனிந்தார், கையை விட்டார். பந்து தூரத்தில் வெறும் தரையை நோக்கிப் போவதுபோலப் போய், வேகம் தணிந்து, வளைந்து, வேண்டிய இடத்தில் வந்து நின்றது.

ஒன்றில்லை, இரண்டில்லை. அந்த எண்டில் இந்தியாவுக்கு நான்கு புள்ளி.

இந்தியா 16, நியூசிலாந்து 13. தொண்ணூற்றிரண்டு வருஷ காமன்வெல்த் வரலாற்றில் லான் பவுல்ஸில் இந்தியாவின் முதல் பதக்கம் உறுதியானது. மேனேஜர் அஞ்சு லூத்ராவோடு நால்வரும் கட்டிப்பிடித்து அழுத காட்சியைப் பார்த்த பிறகுதான், இப்படி ஓர் ஆட்டம் இருப்பதே இந்தியாவில் பல கோடிப் பேருக்குத் தெரிந்தது. அன்று ராத்திரி இந்த ஆட்டத்தின் விதிகளைத் தேடிப் படித்தவர்களில் நம்மூர்ப் பையன்களும் இருந்திருப்பார்கள்.

ஆனால் உறுதியானது வெள்ளி மட்டுமே. தங்கம் இன்னும் ஓர் ஆட்டம் தள்ளி இருந்தது.

* * *

ஆகஸ்ட் 2, செவ்வாய். லெமிங்டன் ஸ்பாவின் அதே பூங்கா, விக்டோரியா பார்க். எதிரே தென்னாப்பிரிக்கா. நான்கு வருஷத்துக்கு முன் கோல்டு கோஸ்டில் இதே நால்வர் பிரிவில் வெள்ளி வாங்கிய நாடு. இறுதியாட்டத்தின் பாரம் அவர்களுக்குப் புதிதில்லை. நமக்கு எல்லாமே புதிது.

தொடக்கம் நம்ப முடியாததாக இருந்தது. லவ்லியின் பந்துகள் ஜாக்கை ஒட்டி உட்கார்ந்தன. பிங்கி காவல் போட்டார். நயன்மோனி எதிராளியின் நல்ல பந்துகளுக்கு இடம் விடவில்லை. எண்டுக்கு எண்டு பலகை ஏறியது. இந்தியா 8, தென்னாப்பிரிக்கா 2.

முதல் நாள் 0-5 என்று பின்தங்கி ஜெயித்த அணி, இன்று ஆறு புள்ளி முன்னிலையில். இதற்கு மேல் என்ன வேண்டும்?

இந்த ஆட்டத்தில் முன்னிலையை யாரும் நம்புவதில்லை என்று சற்று முன்தான் சொன்னேன். தென்னாப்பிரிக்காவும் நம்பவில்லை. பதறாமல், புல்லின் போக்கைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் இரண்டுமாகப் பொறுக்கினார்கள். நம் பக்கப் பலகை அசையவே இல்லை. எட்டு அப்படியே நிற்க, எதிர்ப்பக்கம் நகர்ந்து நகர்ந்து எட்டுக்கு எட்டு ஆனது.

அடுத்து அதுவும் போயிற்று. தென்னாப்பிரிக்கா 10, இந்தியா 8.

இனி இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய எண்டுகள். நால்வரும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு ஒரு நிமிஷம் பேசிக்கொண்டார்கள். விதிப்படி, முந்தைய எண்டை வென்றவர்தான் அடுத்த எண்டில் முதலில் உருட்ட வேண்டும். அதாவது ஜாக்கை எங்கே வைப்பது என்பது தென்னாப்பிரிக்காவின் கையில். கடைசிப் பந்து ரூபா ராணியின் கையில்.

நேற்று அந்தக் கை தப்பவில்லை. இன்று?

லவ்லி பந்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு பாயை நோக்கி நடந்தார். தென்னாப்பிரிக்காவின் முதல் பந்து ஏற்கெனவே ஜாக்குக்குப் பக்கத்தில் கிடந்தது.

(அடுத்த வாரம்: ஓட்டக்காரியின் பந்து எங்கே நின்றது? அதே வாரத்தில் சத்தமில்லாமல் இன்னொரு இறுதிப் போட்டிக்குள் நுழைந்த இந்திய ஆண்கள் நால்வருக்கு என்ன நடந்தது?)