இவ்வளவு போதுமா?

ஐந்து வயதுக் குழந்தை பள்ளிக்குள் நுழைகிறது. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என மூன்றாண்டுகள் ஓடுகின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கிறது. எண்களைக் கூட்டிக் கழிக்கிறது. மரத்தின் பெயரையும் மாட்டின் பெயரையும் ஒப்பிக்கிறது. இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்போர் உண்டு. பட்டமளிப்பு மண்டபங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவோர், முதல் வகுப்பின் வாயிலை எட்டிப் பார்ப்பதுகூட இல்லை.

நாம் எட்டிப் பார்க்க விரும்புகிறோம். ஏனெனில், ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளில் எவரை எவ்வளவு உயரம் வளரவிடப்போகிறது என்பதைப் பல்கலைக்கழகத்தில் முடிவு செய்வதில்லை. முதல் வகுப்பிலேயே முடிவு கட்டிவிடுகிறது. எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடம், எத்தனை மணி நேரம், எந்த எல்லைவரை என்று ஒவ்வொரு காலமும் ஓர் அளவுகோல் வைத்திருந்தது. அந்த அளவுகோலின் மேல் எழுதப்பட்டிருந்த சொற்கள் இரண்டே: ‘இவ்வளவு போதும்.’ யாருக்குப் போதும்? போதும் என்று சொன்னவர் யார்? தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளியின் வரலாறு இந்த இரு கேள்விகளுக்கும் விடை தருகிறது.

திண்ணைப் பள்ளியிலிருந்து தொடங்குவோம். மணலிலே விரலால் எழுதிப் பழகினான் சிறுவன். கை திருந்திய பிறகு ஓலையும் எழுத்தாணியும் பெற்றான். ‘அரி நமோத்து சிந்தம்’ என்று ஓதியபடி அரிச்சுவடியைத் தொடங்கினான். சமணர் தம் சித்தரை வணங்கிய தொடர் சிதைந்து இந்த வடிவம் பெற்றது என்பர் ஆராய்ச்சியாளர். ஓதிய சிறுவனுக்கோ, ஓதுவித்த ஆசிரியருக்கோ அதன் பொருள் தெரிந்திருக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. அதன்பின் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நிகண்டு. எல்லாம் மனப்பாடம். மூத்த மாணாக்கனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். ஆசிரியர் கையிலே பிரம்பு இருந்தது.

கணக்குப் பாடத்தை மட்டும் எவரும் இகழ்ந்துவிட முடியாது. ஒன்றை முந்நூற்றிருபதாகப் பிரித்தால் வருவது முந்திரி. அதிலிருந்து அரைக்காணி, காணி, அரைமா, மா, கால், அரை, முக்கால் எனப் பின்னங்கள் ஏறும். எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம் என்று நெல்லிலக்கம் சொல்லும். நிலத்தின் பரப்பைக் கணிக்கக் குழிமாற்று உண்டு. இன்று நாம் தாளும் கோலும் கொண்டு போடும் கணக்கை அன்றைய சிறுவன் வாயாலேயே போட்டான். அது உண்மையான திறன். நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தேடிவைத்த செல்வம்.

ஆனால், அந்தக் கணக்கு யாருக்குப் பயன்பட்டது? நிலத்தை அளந்தவருக்கு, நெல்லைக் கொள்முதல் செய்தவருக்கு, வட்டிக்குக் கொடுத்தவருக்கு, ஊர்க் கணக்கு எழுதியவருக்குப் பயன்பட்டது. களத்து மேட்டில் நெல்லாகக் கூலி வாங்கிய உழைப்பாளியின் மகனுக்கு நாழிக்கும் குறுணிக்கும் உள்ள உறவைச் சொல்லித்தர அங்கே திண்ணை இல்லை. அளந்து கொடுத்தவன் கற்றான்; அளந்ததை வாங்கியவன் கல்லாமல் இருந்தான். கணக்கு என்னும் பாடம் அறிவாக இருந்த அதே வேளையில் அதிகாரமாகவும் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

‘வெள்ளையர் வருமுன் நம் நாட்டில் எல்லோரும் படித்திருந்தனர்’ என்று பழம்பெருமை பேசுவோர் ஆளுநர் தாமஸ் மன்றோவின் கணக்கெடுப்பைக் காட்டுவர். அதையே நாமும் காட்டுவோம். 1822-ஆம் ஆண்டில் மன்றோ ஆணையிட்டார். சென்னை மாகாணத்தின் மாவட்ட ஆட்சியர்கள் பள்ளிகளை எண்ணி எழுதினர். 1826-இல் மன்றோ தொகுத்த கணக்கின்படி மாகாணத்தின் மக்கள் தொகை 1,28,50,941, பள்ளிகள் 12,498, பயின்றோர் 1,88,650 பேர். தமிழ் மாவட்டங்களில் பயின்றோருள் பெரும்பாலோர் பார்ப்பனர் அல்லாத சாதியினர் என்பதும் உண்மையே. அதை மறைக்க வேண்டிய தேவை நமக்கில்லை.

ஆனால் அதே பட்டியலில் இன்னொரு கட்டம் இருக்கிறது. பயின்ற பெண் குழந்தைகள் 4,540 பேர்! நூற்றுக்கு மூவர்கூட இல்லை. பள்ளி வயதுச் சிறுவர்களிலும் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினரே பள்ளி சென்றதாக மன்றோ கணித்தார். சேரியில் வாழ்ந்தோர்க்கு அக்கிரகாரத்துத் திண்ணையும் ஊர்த்தெருத் திண்ணையும் பெரும்பாலும் எட்டாத இடங்களாகவே இருந்தன. பெண்ணுக்கு அடுப்படி போதும். உழைப்பாளிக்கு ஏர்க்கால் போதும் என்பதே அக்காலத்தின் அளவுகோல்.

உள்ளே இருந்தவர்கள் கற்ற முறையைப் பற்றிப் பல்லாரி ஆட்சியர் கேம்பெல் 1823-இல் எழுதிய அறிக்கை சொல்கிறது. காலையில் முதலில் வந்த சிறுவனின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவது வந்தவனுக்குச் சுழி. மூன்றாமவனுக்கு இலேசாக ஓர் அடி. நான்காமவனுக்கு இரண்டு அடி. இப்படியே ஏறும் கணக்கு. பாடல்களைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பித்தனர். பொருளைப் பிள்ளைகளும் அறியவில்லை, ஆசிரியரும் பெரும்பாலும் அறியவில்லை என்று அவர் குறித்தார். நாவுக்குப் பயிற்சி இருந்தது, நினைவுக்குப் பயிற்சி இருந்தது, ‘ஏன்?’ என்ற கேள்விக்குத்தான் அங்கே இடமில்லை.

இந்தத் திண்ணை முறை கடல் கடந்து போன கதை ஒன்றும் உண்டு. சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காக நடந்த இல்லத்தின் பொறுப்பை 1789-இல் ஏற்றவர் பாதிரியார் ஆண்ட்ரூ பெல். மணலிலே எழுதும் நம் சிறுவர்களைக் கண்டார். பிள்ளையைக் கொண்டே பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையைக் கையாண்டார். 1797-இல் இலண்டனில் அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் அது பரவிற்று. ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம், செலவு குறைவு என்பதே அதன் கவர்ச்சி.

அந்தப் பெல்லே பின்னர் எழுதியது என்ன தெரியுமா? ஏழைப் பிள்ளைகளுக்குச் செலவுமிக்க கல்வியைத் தருவது தம் நோக்கமன்று. எழுதவும் கணக்குப் போடவும் கற்பிப்பதுகூடத் தம் நோக்கமன்று என்றார். சமய நூலைப் படிக்கத் தெரிந்தால் போதுமாம்! இங்கே சாதி வைத்த அளவுகோலை அங்கே வகுப்பு வைத்திருந்தது. மொழி வேறு, நாடு வேறு. ‘இவ்வளவு போதும்’ என்ற சொல் மட்டும் ஒன்றே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசு, தேர்வில் தேறும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பள்ளிகளுக்கு மானியம் வழங்கிற்று. படித்தல், எழுதுதல், கணக்கு ஆகிய மூன்றுமே தொடக்கப்பள்ளியின் உயிர்நாடி ஆயின. எதற்குக் காசு கிடைக்குமோ அதையே ஆசிரியர் கற்பிப்பார். அது அவர் குற்றமன்று. எதை அளக்கிறோமோ அதுவே பாடமாகும், அளக்கப்படாதது வகுப்பறையிலிருந்து மெல்ல வெளியேறும் என்ற பாடத்தை அந்த மானிய முறை நமக்கு விட்டுச் சென்றது. இதை இளைஞர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், இன்றைக்கும் தேவைப்படும்.

கதவுகள் ஒவ்வொன்றாகத் தாமாகத் திறக்கவில்லை, தட்டித் திறக்கப்பட்டன. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி அளித்த அறிக்கை அரசை அசைத்தது. 1893-இல் அம்மக்களின் கல்விக்கெனத் தனி அரசாணை பிறந்தது. 1894-இல் ஆல்காட் அடையாற்றில் அவர்களுக்காகப் பள்ளி திறந்தார். 1920-இல் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. அதே ஆண்டில், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளிக்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு! பசித்த வயிற்றுக்கு அரிச்சுவடி ஏறாது என்ற எளிய உண்மையை ஏற்றுக்கொள்ள அத்தனை காலம் ஆயிற்று.

பிறகு விடுதலை வந்தது. பதினான்கு வயதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுகளுக்குள் வழங்க முயலவேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டம் அறிவுறுத்திற்று. மூன்றாண்டுகள்தாம் சென்றன. 1953-இல், ஆச்சாரியாரின் ஆட்சி நாட்டுப்புறத் தொடக்கப்பள்ளிகளுக்கு ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தது. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரமாக இருந்த படிப்பு மூன்று மணி நேரமாயிற்று. பிள்ளைகளை இரு பிரிவாக்கி முறைவைத்துக் கற்பித்தால், இருக்கும் கட்டடத்தையும் ஆசிரியரையும் கொண்டே கூடுதலான பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று காரணம் சொல்லப்பட்டது. எஞ்சிய நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும்.

கட்டடமும் ஆசிரியரும் போதவில்லை என்பது உண்மைதான். ஆனால் பற்றாக்குறையின் சுமையை யார் தலையில் ஏற்றினார்கள் என்று பாருங்கள்! நகரத்துப் பிள்ளையின் நேரம் குறையவில்லை. நாட்டுப்புறப் பிள்ளையின் நேரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போயிற்று. வண்ணார் மகன் வெளுக்கவும், குயவர் மகன் மண் பிசையவும், உழவர் மகன் மாடு மேய்க்கவும் மீண்டும் அனுப்பப்பட்டனர். வழக்கறிஞர் மகனும் மாலையில் தந்தையின் தொழிலைத்தானே பழகப்போகிறான் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அந்த வீட்டில் நூல்கள் நிறைந்த பேழை இருந்தது. குடிசையில் அது இல்லை. பள்ளி நேரத்தைக் குறைத்தால், நூல்களை வேறெங்கும் காணமுடியாத பிள்ளைக்கே இழப்பு. இதனாலேயே மக்கள் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்தனர், தெருவெங்கும் எதிர்த்தனர். 1954-இல் ஆச்சாரியார் பதவி விலகினார், காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது. 1956-இல் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவத் தொடங்கிற்று.

அதன்பின் பாடங்களின் உள்ளேயும் மாறுதல்கள் நேர்ந்தன. 1957 ஏப்ரல் 1-ஆம் நாள் நூறு காசுகள் கொண்ட ரூபாய் வந்தது. பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை என்று தலையைப் பிய்த்துக்கொண்ட பிள்ளைக்குப் பத்து, நூறு என்ற எளிய ஏணி கிடைத்தது. பெரியார் 1935 முதல் குடிஅரசு ஏட்டில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்றது. ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலிய எழுத்துகள் தனித்தனிச் சுழிகளாக இருந்த நிலை மாறி, மற்ற எழுத்துகளைப் போலவே எழுதப்பட்டன. ‘கை’ எழுதத் தெரிந்த பிள்ளைக்கு ‘லை’ எழுதவும் தெரிந்துவிடுகிறது. பழமை என்பதற்காக ஒரு சுமையைப் பிஞ்சுத் தோளில் ஏற்றிவைப்பது அறிவுடைமையாகாது என்பதே இவ்விரு மாறுதல்களும் சொல்லும் செய்தி.

இன்று நம் அரசுப் பள்ளியில் முதல் இரு வகுப்புகளில் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என்று பாடங்கள் நான்கு. மூன்றாம் வகுப்பில் சூழ்நிலையியல் இரண்டாகப் பிரிந்து அறிவியலும் சமூக அறிவியலும் ஆகிறது. உடல், செடி கொடி, விலங்கு, நீர், காற்று, பருப்பொருள் என்று எட்டு வயதுப் பிள்ளை படிக்கிறது. வகுப்பில் பெண் குழந்தையும் இருக்கிறாள். சேரிப் பிள்ளையும் ஊர்ப் பிள்ளையும் ஒன்றாக அமர்ந்திருக்கிறார்கள். 2022 முதல் காலை உணவும் கிடைக்கிறது. மன்றோவின் பட்டியலை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கடந்து வந்த தொலைவு சிறிதன்று.

ஆயினும் நம் கடமை முடிந்துவிடவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தன. பிள்ளைகள் எழுத்தையும் எண்ணையும் மறந்தனர். அந்த இழப்பை ஈடுகட்ட ‘எண்ணும் எழுத்தும்’ இயக்கம் 2022-இல் தொடங்கியது. முறையான முயற்சி அது. படிக்கத் தெரியாத பிள்ளைக்கு வேறெந்தப் பாடமும் இல்லை. ஆனால் படிப்பும் கணக்குமே அளக்கப்படும்போது, நான்காவது பாடம் மெல்லப் பின்வரிசைக்குப் போய்விடக்கூடும். மானியத்துக்காகத் தேர்வு வைத்த காலம் கற்பித்த பாடத்தை இங்கேதான் நாம் நினைவுகூர வேண்டும்.

அந்த நான்காவது பாடம்தான் திண்ணையில் இல்லாத பாடம். பெரியம்மை மாரியின் சீற்றம் என்று நம்பி, வேப்பிலை கட்டிக்கொண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த நாடு இது. அந்த நோய் உலகிலிருந்தே ஒழிந்தது என்று 1980-இல் உலக நல அமைப்பு அறிவித்தது. ஒழித்தது தடுப்பூசி, படையல் அன்று. நிலவு மறைவது பாம்பு விழுங்குவதால் அன்று, பூமியின் நிழல் விழுவதால் என்று ஒரு பந்தையும் விளக்கையும் கொண்டே எட்டு வயதுப் பிள்ளைக்குக் காட்டிவிடலாம். கண்ட பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் ‘ஏன்?’ என்று கேட்கும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை ஆண்டுகள் கதவுகளைத் தட்டினோம்.

ஆகவே, தோழர்களே! உங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளிக்குச் செல்லுங்கள். ஆசிரியர்களோடு நட்போடு பேசுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை படிக்கிறதா, கணக்குப் போடுகிறதா என்று கேளுங்கள். அத்தோடு நின்றுவிடாதீர்கள். விதை முளைப்பதை அது தன் கண்ணால் பார்த்ததா, நீர் கொதித்து ஆவியாவதைக் கண்டதா, கேள்வி கேட்டால் அதற்குப் பாராட்டுக் கிடைக்கிறதா என்றும் கேளுங்கள். பற்றாக்குறை இருந்தால், ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு காந்தமும் பத்து நூல்களும் வாங்கித் தர உங்கள் மன்றத்தால் முடியும்.

உழைப்பாளியின் பிள்ளைக்கு ‘இவ்வளவு போதும்’ என்று திண்ணையிலும் சொன்னார்கள், இலண்டனிலும் சொன்னார்கள், கோட்டையில் அமர்ந்தும் சொன்னார்கள். இனி எவர் சொன்னாலும், எந்த அழகிய பெயரிட்டுச் சொன்னாலும், நம் விடை ஒன்றே: போதாது!